மக்காத ரசாயனங்களும் நம் கடற்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நச்சியல் படித்தவள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று ராமநாதபுரம் கரையோர ஊர்களில் உடல்நலக் கூட்டங்களுக்குப் பேசப் போகிறேன். எங்கே போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, பதிலும் சொல்லியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் 7, 8, 9 ஆகிய மூன்றையும் கட்டாயம் படியுங்கள்.

1. மக்காத ரசாயனம்னா என்ன? எல்லா ரசாயனமும் விஷம்தானே?

இல்லை, நாம் சோற்றில் போடும் உப்பும் ரசாயனம்தான். இங்கே பேசப்போவது நான்கு குணங்களும் சேர்ந்திருக்கும் சிலவற்றைப் பற்றி. வெயிலும் மழையும் நுண்ணுயிரும் அவற்றை லேசில் சிதைக்க முடியாது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். காற்றோடும் நீரோடும் வெகுதூரம் போகும். உயிர்களுக்குக் கெடுதல் செய்யும். அரசு ஆவணங்களில் இவற்றுக்கு ‘நிலைத்த கரிம மாசுபடுத்திகள்’ என்று பெயர்.

2001இல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் கூடி முதலில் பன்னிரண்டைப் பட்டியலிட்டன. இந்தியா அந்த ஒப்பந்தத்தை 2006இல் ஏற்றது. டி.டி.டி., ஆல்ட்ரின், ஹெப்டாக்ளோர் மாதிரிப் பூச்சிக்கொல்லிகள் அதில் உண்டு. பழைய ட்ரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருந்த பி.சி.பி. உண்டு. யாரும் தயாரிக்காமல், குப்பை எரியும்போது தானாக உண்டாகும் டையாக்ஸினும் உண்டு. பிறகு லிண்டேன், எண்டோசல்பான், நான்ஸ்டிக் பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்று பட்டியல் நீண்டது.

பாதரசம் இந்தப் பட்டியலில் வராது. அது உலோகம். ஆனால் கடலில் மெத்தில் பாதரசமாக மாறியபின் அதுவும் மீனில் சேர்ந்துகொண்டே போகும். மீன் சாப்பிடுகிற ஊரில் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது என்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

2. கடல் எம்மாம் பெரிசு! அதுல கலந்தா கரைஞ்சு காணாமப் போயிடாதா?

கரையும் பொருளாக இருந்தால் அப்படித்தான் ஆகும். இவை கரைவதில்லை. தண்ணீரை விட்டு விலகி மிதவை உயிர்களின் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சின்ன மீன் தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும். தின்ற உடம்பில் இரை செரித்துப்போகும், ரசாயனம் தங்கிவிடும். பள்ளிப் பாடப்புத்தகங்களில் டி.டி.டி.க்கு ஒரு கணக்கு வரும்: மிதவை உயிரில் பத்து லட்சத்தில் 0.04 பங்கு, சின்ன மீனில் 0.5, பெரிய மீனில் 2, அதைத் தின்னும் பறவையில் 25. ஒவ்வொரு படியிலும் ஏறுகிறது.

கடலின் ஆழமும் தப்பவில்லை. பசிபிக்கின் மரியானா அகழியில், பத்தாயிரம் மீட்டருக்கும் கீழே வாழும் இறால் மாதிரிச் சிற்றுயிர்களில் பி.சி.பி. இருப்பது 2017இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

3. நம்ம பக்கம் பெரிய ஃபேக்டரியே கிடையாதே, நமக்கு எப்படி வரும்?

காற்றில் வரும். 1980களின் இறுதியில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். வெள்ளாற்றுப் பகுதி வயல்களில் போட்ட பி.எச்.சி. எனும் பூச்சிக்கொல்லிப் பவுடர் எங்கே போகிறது என்று தேடினார்கள். 99 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிக் காற்றில் போய்விட்டது, ஆறு வழியாகக் கடலுக்குப் போனது மிகச் சொற்பம் என்று கண்டார்கள். நம் வெயிலில் அப்படித்தான் நடக்கும். எழும்பிய ஆவி குளிர்ந்த இடத்தில் போய் இறங்கும். அதனால்தான் தொழிற்சாலையோ வயலோ இல்லாத கனடாவின் வடகோடியில், இனுயிட் தாய்மார்களின் பாலில், தெற்கு கியூபெக் பெண்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பி.சி.பி. இருந்தது. அவர்கள் உண்டது கடல்நாய், திமிங்கிலக் கொழுப்பு. கேள்வி 2இல் சொன்ன ஏணியின் உச்சி அது.

நம் மாவட்டத்திலேயே பருத்திக்கும் மிளகாய்க்கும் அடித்த பழைய மருந்துகளின் மிச்சம் கண்மாய் வண்டலில் கிடக்கலாம். டி.டி.டி. மண்ணில் பாதியாகக் குறையவே 2 முதல் 15 வருடம் எடுக்கும்.

4. பாசி எடுக்கப் போறோம், நாள் பூரா இடுப்பளவு தண்ணியில நிக்கிறோம். தோல் வழியா ஏறுமா?

பயப்படும் அளவுக்கு ஏறாது. கடல்நீரில் கரைந்திருப்பது மிக மிகக் குறைவு. உடம்புக்குள் போவதில் பெரும்பங்கு சாப்பாட்டு வழிதான். டையாக்ஸினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியே வருகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. இறைச்சி, பால், மீன், முட்டை எல்லாம் அதில் சேரும்.

பாசி எடுக்கும்போது வரும் அரிப்புக்கும் கொப்புளத்துக்கும் காரணம் வேறு. ஜெல்லி மீன், பார்ப் பாறைக் கீறல், உப்பில் ஊறிய துணி இவைதான் பெரும்பாலும். அதற்குத் தனியாக மருத்துவரைப் பாருங்கள். இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

5. குடிதண்ணி? கேன் தண்ணியிலயும் இருக்குமா?

கொழுப்பில் கரைகிறவை குடிநீரில் அதிகம் வருவதில்லை. விதிவிலக்கு ஒரு குடும்பம் மட்டும்: பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள். கேள்வி 1இல் சொன்ன பி.எஃப்.ஓ.ஏ. இதில் ஒன்று. இவை தண்ணீரோடு போகும், காய்ச்சினாலும் போகாது. ஆர்.ஓ. வடிகட்டி இவற்றைப் பெருமளவு நிறுத்தும்.

6. அப்போ மீன் சாப்பிடறதையே விட்டுடணுமா அக்கா?

வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு வரிதான் மனசில் நிற்கும் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்: மீனை நிறுத்தாதீர்கள், சின்ன மீனாகப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

மீனை விட்டால் அந்த இடத்தில் தட்டில் என்ன வரும் என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் சோறும் ரசமும்தான். புரதம், ஒமேகா 3 கொழுப்பு, அயோடின், வைட்டமின் டி, எலும்போடு தின்னும் சின்ன மீனின் கால்சியம் எல்லாம் போய்விடும். அந்த இழப்பு நிச்சயம். வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் அது பெரிய இழப்பு. பாதரசத்தைப் பற்றி எச்சரிக்கிற அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே கர்ப்பிணிகளை வாரம் 225 முதல் 340 கிராம் வரை பாதரசம் குறைந்த மீனைச் சாப்பிடச் சொல்கிறது.

மீனை மட்டும் குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. 1999இல் பெல்ஜியத்தில் தீவனக் கொழுப்பில் பி.சி.பி. எண்ணெய் கலந்துபோய், கோழியிலும் முட்டையிலும் டையாக்ஸின் ஏறி, கடைகளிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள். கொழுப்பு உள்ள எந்த உணவிலும் இந்தப் பிரச்சினை வரலாம். ‘கடல் மீனில் விஷம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கிளம்பினால் ஏலக்கூடத்தில் விலை விழுகிறது, நஷ்டம் படகுக்காரர் தலையில். அளவும் மீனின் பெயரும் சொல்லாத எந்தச் செய்தியையும் அனுப்பிவிடாதீர்கள்.

7. எந்த மீன் நல்லது, எதைக் குறைக்கணும்? கணக்கா சொல்லுங்க.

சரி, கணக்காகவே பார்ப்போம். மெத்தில் பாதரசத்துக்கு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2003இல் ஒரு வரம்பு வைத்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்து வகுத்த வரம்பு அது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 80 மைக்ரோகிராம் ஆகிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் மத்தி மீனில் சராசரியாகக் கிலோவுக்கு 13 மைக்ரோகிராம் பாதரசம், நெத்திலியில் 16, சுறாவில் 979. அதன்படி அந்தப் பெண் வரம்பைத் தொட வாரத்துக்கு 6 கிலோ மத்தி தின்ன வேண்டும். சுறா என்றால் 82 கிராம் போதும், ஒரு துண்டு. அது அங்கே பிடித்த மீன்களின் கணக்கு, நம் கடலில் அளவு முன்னே பின்னே இருக்கும். ஆனால் மத்திக்கும் சுறாவுக்கும் உள்ள அந்தத் தூரம் எல்லாக் கடலிலும் உண்டு. மத்தி கொஞ்ச காலமே வாழ்ந்து மிதவை உயிரைத் தின்கிறது. சுறா பல வருடம் வாழ்ந்து மீனைத் தின்கிறது.

ஆகவே சாளை (மத்தி), நெத்திலி, காரல், நகரை, முரல் இவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். நண்டு, இறால், கணவாய்க்கும் இந்த வகையில் பெரிய தடையில்லை. பெரிய சீலா, பெரிய சூரை, ஊளி எப்போதாவது. பெரிய சுறாவைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. விலை குறைந்த மீன்களே இதில் நல்ல மீன்களாக இருப்பது நமக்கு வசதி.

8. பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுறா குடுக்கணும்னு எங்க மாமியார் சொல்றாங்க. குடுக்கலாமா?

பால் சுறாப் புட்டு பால் சுரக்க வைக்கும் என்பது நம் கரையில் தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம். பிரசவித்தவளுக்கு நல்ல புரதம், செரிக்க எளிது, பூண்டும் மிளகும் சேரும். மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். பால் சுறா சின்ன இனம், பெரிய சுறாக்களோடு ஒப்பிட்டால் பாதரசமும் குறைவாகவே சேர்ந்திருக்கும். எப்போதோ ஒருமுறை கையளவு புட்டு சாப்பிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

தினமும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சந்தையில் எல்லாமே பால் சுறாவாக வருவதில்லை. பெரிய சுறாவின் துண்டும் அதே பெயரில் வரலாம். வெட்டிய துண்டைப் பார்த்து இனம் சொல்ல முடியாது, அதனால் முழுசாக வாங்குங்கள், முழங்கையைவிடச் சின்னதாகப் பாருங்கள். மற்ற நாட்களில் அதே மசாலாவோடு காரல் சொதி, சாளைக் குழம்பு, நெத்திலிப் புட்டு செய்யலாம். பால் சுரக்கத் தேவை போதுமான சாப்பாடு, தண்ணீர், குழந்தை அடிக்கடி சப்புவது. இந்த மூன்றும் இருந்தால் மீன் எதுவானாலும் பால் வரும். சுறா ஈரல் எண்ணெயை மட்டும் வீட்டில் காய்ச்சிக் கொடுக்க வேண்டாம். கொழுப்பில் சேர்கிறவை ஈரலில்தான் குவியும், வைட்டமின் ஏ-யும் அளவு தெரியாமல் உள்ளே போகும்.

9. தாய்ப்பாலிலேயே இது வருதாமே? புட்டிப்பால் குடுத்துடட்டுமா?

வருவது உண்மை. பாலில் கொழுப்பு உண்டு, அம்மா உடம்பில் சேர்ந்ததில் ஒரு பங்கு அதோடு போகும். முதல் பிள்ளைக்கு அதிகமாகவும் அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் குறைவாகவும் போகும். டால்பின்களிலும் அப்படியே. கேட்கக் கஷ்டமான செய்திதான்.

ஆனாலும் புட்டிப்பால் வேண்டாம். இனுயிட் தாய்மார்களைப் பற்றிக் கேள்வி 3இல் சொன்னேன். அவர்களையும் பாலை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதில் உலக சுகாதார அமைப்பு மாறவில்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டக்குறைவு ஆகியவற்றிலிருந்து தாய்ப்பால் தரும் காப்பு அவ்வளவு பெரியது. நம் ஊர்த் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் புட்டியைக் கழுவிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து தனி. பால் கொடுக்கும் காலத்தில் செய்யக்கூடாத ஒன்று, பட்டினி கிடந்து வேகமாக எடை குறைப்பது. கொழுப்பு கரையும்போது அதில் அடைந்திருந்தவை ரத்தத்துக்கு வரும்.

10. நல்லாக் கழுவி, மஞ்சள் உப்பு போட்டு, வறுத்துட்டா போயிடுமா?

கழுவுவதும் மஞ்சளும் கிருமிக்கும் நாற்றத்துக்கும் உதவும், இதற்கு உதவாது. பி.சி.பி., டையாக்ஸின், டி.டி.டி. இவை கொழுப்பில் இருப்பதால், பெரிய மீனில் தோல், வயிற்றுப் பக்கக் கொழுப்பு, ஈரல் இவற்றை நீக்கினால் ஓரளவு குறையும். சுடும்போது வடிகிற கொழுப்போடும் கொஞ்சம் போகும். குழம்பில் அந்தக் கொழுப்பு குழம்புக்குள்ளேயே இருக்கும்.

பாதரசத்துக்கு இது எதுவும் பலிக்காது. அது சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. எந்தச் சமையலும் அதை எடுக்காது. மீனைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி.

11. கருவாட்டுல பூச்சி மருந்து அடிக்கிறாங்களாமே?

வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் பக்கம் கருவாட்டில் டி.டி.டி.யும் ஹெப்டாக்ளோரும் இருந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. காயும்போது ஈயும் வண்டும் வராமல் இருக்க அடிக்கிறார்கள். எங்கே அடித்தாலும் அது குற்றம்.

வாங்கும்போது ஒரு அடையாளம் உண்டு. திறந்தவெளியில் காயப்போட்ட கருவாட்டில் ஒரு ஈகூட உட்காரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். நன்றாக உப்பிட்டு, தரையில் பரப்பாமல் வலைமேடையில் காயவைத்தது நல்லது. தெரிந்தவரிடம் வாங்குங்கள். இன்னொன்று, காய்ந்தால் தண்ணீர் போய் எடை குறைவதால் கிராம் கணக்கில் எல்லாமே செறிவாகும். சுறாக் கருவாட்டுக்குக் கேள்வி 7இல் சொன்னதை இன்னும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

12. இதெல்லாம் உடம்புல என்னதான் செய்யும்?

அதிக அளவில் என்ன செய்யும் என்பது விபத்துகளால் தெரிந்தது. 1968இல் ஜப்பானில் தவிட்டு எண்ணெயில் பி.சி.பி. கசிந்து கலந்தது. அதைச் சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோலெல்லாம் கொப்புளம், கண்ணில் அழுக்கு, கைகால் மரத்துப்போதல் என்று வந்தது. 1979இல் தைவானில் அதே மாதிரி நடந்தது. விபத்து முடிந்து சில வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைகளும் படிப்பில் பின்தங்கினார்கள். அம்மா உடம்பில் அது அப்போதும் இருந்ததுதான் காரணம்.

குறைந்த அளவில் பல வருடம் சேர்ந்தால் தெரிவது வேறு மாதிரி. தைராய்டு, பாலின ஹார்மோன்கள் குழம்புவது, தடுப்பூசிக்கு உடம்பு சரியாக எதிர்வினை காட்டாதது, குழந்தையின் மூளை வளர்ச்சி சற்றுக் குறைவது. மிச்சிகன் ஏரி மீன் அதிகம் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளை 11 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வயிற்றில் இருந்தபோது பி.சி.பி. அதிகம் பட்டவர்களின் அறிவுத்திறன் எண் சராசரியாக ஆறு புள்ளி குறைந்திருந்ததை 1996இல் வெளியிட்டார்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

13. எங்க தாத்தா காலம் பூரா சுறா தின்னுட்டு தொண்ணூறு வயசு இருந்தாரு. அப்புறம் என்ன பயம்?

தாத்தாவுக்குக் கெடுதல் வராதது உண்மையாகவே இருக்கலாம். நச்சியலில் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். முதிர்ந்த உடம்பு தாங்கும் அளவை, உருவாகிக்கொண்டிருக்கும் மூளை தாங்காது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் 1959 முதல் 1967 வரை பெண்களிடம் ரத்தம் எடுத்துச் சேமித்து வைத்தார்கள். பிறகு அவர்களில் யாருக்கு ஐம்பது வயதுக்குள் மார்புப் புற்று வந்தது என்று பார்த்தார்கள். ரத்தத்தில் டி.டி.டி. அதிகம் இருந்தவர்களில், அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தபோது 14 வயதுக்குக் கீழ் இருந்தவர்களுக்கு மட்டும் ஆபத்து ஐந்து மடங்காக இருந்தது. அப்போதே வளர்ந்துவிட்டவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. ஆகவே வீட்டில் யாருக்கு எந்த மீன் என்று பங்கு வைக்கும்போது, பெரிய சீலாத் துண்டைத் தாத்தாவுக்கு வையுங்கள். சாளையைப் பேத்திக்கு வையுங்கள். நம் வீடுகளில் வழக்கமும் கிட்டத்தட்ட அதுவேதான், ஆனால் பேத்திக்கு ஒன்றிரண்டு மீன் கூடுதலாக விழட்டும்.

14. சின்ன வயசுல மலேரியாவுக்கு வீட்டுச் சுவர்ல டி.டி.டி. அடிச்சாங்க. இப்போ என்ன செய்யறது?

ராமேசுவரம் தீவில் மலேரியா எப்படி ஆட்டிவைத்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். அந்தத் தெளிப்பு உயிர்களைக் காத்தது. விவசாயத்தில் டி.டி.டி.யை 1989இல் தடை செய்த பிறகும் கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்ததற்கு அதுவே காரணம். உடம்பில் இருப்பது வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். தனியாக நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பரணில் பழைய டி.டி.டி. அல்லது கமேக்சின் (பி.எச்.சி.) பொட்டலம் இருந்தால் மட்டும், பிரிக்காமல் கொண்டுபோய் வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள். எறும்புக்குத் தூவாதீர்கள்.

15. கரையில குப்பையும் கிழிஞ்ச வலையும் சேர்ந்துபோகுது. எரிக்காம என்ன பண்றது?

எங்கோ அடித்த மருந்து காற்றில் வந்ததற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் டையாக்ஸினை நாமே நம் கரையில் தயாரிக்கிறோம், அதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குளோரின் உள்ள பொருள் அரைகுறைச் சூட்டில் எரிந்தால் டையாக்ஸின் உண்டாகும். அது சிதைய 850 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். குப்பை மேட்டில் புகைந்து எரியும் நெருப்பு அதைத் தொடாது. பி.வி.சி. குழாய், ஒயர், ரெக்சின் எல்லாவற்றிலும் குளோரின் உண்டு. கடற்கரையில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. உப்பில் ஊறிய மரமும் கயிறும் வலையும் எரிந்தாலும், அந்த உப்பிலிருந்தே குளோரின் கிடைத்துவிடும். கனடாவின் மேற்குக் கரைக் காகித ஆலைகளில் கடலில் மிதந்துவந்த மரத்தை எரித்தபோது இதைக் கண்டார்கள். நைலான் வலையில் குளோரின் இல்லை, ஆனால் எரிந்தால் சயனைடு வாயு வரும். செம்புக்காக ஒயரை எரிப்பது எல்லாவற்றிலும் மோசம்.

புகை காற்றில் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சாம்பலும் கரியும் அங்கேயே விழும். அந்த மண்ணை நாட்டுக்கோழி கிளறித் தின்னும், முட்டையின் மஞ்சளில் டையாக்ஸின் சேரும். எரித்த இடத்தில் மேயும் கோழியின் முட்டை, ஒரு ஊரின் மண் எப்படி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் முதலில் அந்த முட்டையைத்தான் கேட்டு வாங்குவார்கள். எரித்த குழியில் கோழியையும் ஆட்டையும் விடாதீர்கள். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள்.

என்ன செய்யலாம்? நைலான் வலைக்குப் பழைய பொருள் கடையில் விலை உண்டு. உலர்த்தி, மணல் உதறி, கயிறும் மிதவையும் பிரித்து மொத்தமாகக் கொடுத்தால் எடுப்பார்கள். ஒயரை எரிக்காமல் உரித்துக் கொடுங்கள். மீதிக் குப்பையை வாரம் ஒருநாள் எடுக்க வண்டி வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானமாகவே எழுதவையுங்கள். வாயால் கேட்டால் பதிவில் நிற்காது.

16. கப்பல் முழுகி வெள்ளை மணி மணியா ஒதுங்குச்சே, அதுவும் இதுல சேருமா?

2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்து மூழ்கியபோதும், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோதும் இப்படிப்பட்ட பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. இரண்டாவது கப்பலின் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. பிளாஸ்டிக் மணி கடலில் மிதக்க மிதக்க, தண்ணீரில் இருக்கும் கொழுப்பு விரும்பி ரசாயனங்களைத் தன்மேல் உறிஞ்சிச் சேர்க்கும். உலகக் கடற்கரைகளில் ஒதுங்கிய மணிகளைத் தபாலில் வரவழைத்து, எந்தக் கடலில் எவ்வளவு மாசு என்று டோக்கியோவில் ஒரு ஆய்வுக்குழு அளந்துவருகிறது. பிள்ளைகளை விளையாட்டுக்குப் பொறுக்கவிடாதீர்கள். கையுறையோடு சேர்த்து ஒப்படையுங்கள். கேள்வி 15இல் சொன்னபடி, எரிக்கவே வேண்டாம்.

17. படகு அடிக்குப் பூசற பெயிண்ட் சங்குக்குக் கெடுதலா?

டி.பி.டி. எனும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய பெயிண்ட் மிகக் கெடுதல். லிட்டர் தண்ணீரில் ஒரு நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே சில கடல் நத்தை இனங்களில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்து மலடாகிவிடும். 1970களின் இறுதியில் பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு இதனால் படுத்தது. உலகக் கப்பல்களுக்கு இந்தப் பெயிண்டைத் தடை செய்த உடன்படிக்கை 2008இல் அமலுக்கு வந்தது. சங்கும் நத்தை இனம்தான். கீழக்கரை, ராமேசுவரம் சங்கு குளிப்பவர்களுக்கு இது பிழைப்பு விஷயம். வாங்கும்போது டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரித்து, சுரண்டலைக் கடலில் விழாமல் அள்ளிவிடுங்கள்.

18. பழைய ட்ரான்ஸ்பார்மர் ஆயில் மரத்துக்கும் மூட்டுவலிக்கும் நல்லதுன்னு சொல்றாங்களே?

தொடாதீர்கள். அதில் பி.சி.பி. இருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியாது. கேள்வி 4இல் தோலைப் பற்றிச் சொன்னது கடல்நீருக்கு. எண்ணெயாகத் தேய்த்தால் தோல் வழியே நன்றாகவே ஏறும். பி.சி.பி. பயன்பாட்டை 2025 டிசம்பருக்குள் முடிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு ஆணையே இருக்கிறது.

19. ரத்தத்துல டெஸ்ட் பண்ணிப் பார்த்து, டீடாக்ஸ் மருந்து சாப்பிட்டா சரியாயிடுமா?

அளக்க முடியும், ஆனால் அது சாதாரண லேப் வேலை இல்லை, செலவும் அதிகம். அளவு தெரிந்தாலும் எடுக்க மருந்து கிடையாது. டையாக்ஸின் உடம்பில் பாதியாகக் குறைய 7 முதல் 11 வருடம் ஆகும். ஜூஸ், மூலிகைப் பொடி, காலில் ஒட்டும் பட்டை எதுவும் அதை விரைவாக்காது. மெத்தில் பாதரசம் அப்படியில்லை. சுமார் 50 நாளில் பாதியாகும். அதனால் திருமணமான பெண், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே ஒரு ஆறு மாதம் பெரிய சுறாவையும் பெரிய சூரையையும் நிறுத்தினால் பலன் நிச்சயம் உண்டு.

20. எங்க வீட்டுல ரெண்டு பேருக்குக் கேன்சர். இதனாலதானா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஒரு ஆளுக்கு வந்த புற்றுநோய் எதனால் என்று இந்த விஷயத்தில் யாராலும் காட்ட முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டையாக்ஸினில் ஒரு வகை, பி.சி.பி., லிண்டேன், பி.எஃப்.ஓ.ஏ. இவற்றை முதல் பிரிவிலும் டி.டி.டி.யை அடுத்த படியிலும் வைத்திருக்கிறது. முதல் பிரிவு என்றால் புற்று உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதி என்று அர்த்தம். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. புகையிலையும் அதே பிரிவில்தான், ஆனால் அதனால் வரும் ஆபத்து மிக மிகப் பெரியது. வீட்டில் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர், பீடி குடிக்கிறவர் இருந்தால் முதலில் அங்கே கை வையுங்கள்.

21. ஒரு ஆராய்ச்சி ஆபத்துங்குது, இன்னொண்ணு ஒண்ணுமில்லைங்குது. எதை நம்பறது?

இரண்டு தீவுகளைப் பாருங்கள். வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் 1986, 87இல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வயிற்றில் பாதரசம் அதிகம் பட்டவர்களுக்கு நினைவாற்றலும் கவனமும் குறைந்திருந்தன. நம் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸில் தாய்மார்கள் வாரத்தில் சராசரியாகப் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிட்டார்கள். பாதரசமும் உடம்பில் நிறைய இருந்தது. ஆனால் பிள்ளைகளிடம் அப்படித் தெளிவான பாதிப்பு தென்படவில்லை.

இரண்டுமே நேர்மையான ஆய்வுகள். ஃபாரோவில் பாதரசம் முக்கியமாகத் திமிங்கில இறைச்சியிலிருந்து வந்தது, அதன் கொழுப்பில் பி.சி.பி.யும் உண்டு. செஷல்ஸில் வந்தது சாதாரணக் கடல் மீனில், அதோடு மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பும் சேர்ந்தே வந்தது. நம் சாப்பாடு செஷல்ஸைப் போன்றது. கேள்வி 6இல் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முரண்பட்ட ஆய்வுகளைப் பார்த்தால், யார், எதை, எவ்வளவு, எந்த வயதில் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

22. தடை பண்ணினா மட்டும் குறைஞ்சிடுமா? அதான் மக்காதுங்கிறீங்களே.

மெதுவாகக் குறையும், ஆனால் குறையும். ஸ்வீடனில் தாய்ப்பாலைப் பல பத்தாண்டுகளாக அளந்துவருகிறார்கள். 1970களில் டி.டி.டி.யையும் பி.சி.பி.யையும் கட்டுப்படுத்திய பிறகு பாலில் அளவு தொடர்ந்து சரிந்து சிறு பங்காகிவிட்டது. முட்டை ஓடு மெலிந்து அழிய இருந்த வெண்வால் கழுகுகள் பால்டிக் கடலோரத்தில் மீண்டும் குஞ்சு பொரிக்கின்றன. நம் பக்கம் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததன் துயரத்தை மக்கள் விடாமல் பேசியதால்தான் 2011இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தது.

23. ஆராய்ச்சிக்குன்னு ரத்தமோ தாய்ப்பாலோ கேட்டு வந்தா குடுக்கலாமா?

கொடுக்கலாம், கேட்டுக் கொடுங்கள். ஓக்லாண்ட் பெண்கள் கொடுத்த ரத்தம் இல்லையென்றால் கேள்வி 13இல் சொன்னது யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி அவர்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து அல்லது கைநாட்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் சிகிச்சையோ சலுகையோ நிற்காது. மாதிரியை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். முடிவை ஊருக்கு வந்து தமிழில் சொல்வார்களா என்று கேட்டு, சொல்வதாகப் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். ஊர்ப் பெயர் பத்திரிகையில் வந்தால் மீன் விலையில் அடி விழும் என்பதால், வெளியிடும் முன் ஊர்த் தலைவரிடமும் மீனவர் சங்கத்திடமும் பேச வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.